மீசைக்காரருக்கு ஒரு வக்காலத்து

இந்தப் பொங்கலுக்குப் பாரீஸிலிருந்து பெரியப்பா மகன் வந்திருந்தார். எனக்கு அண்ணன் முறை. வயது எண்பதை நெருங்குகிறது. பிரான்சில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்தால் ஒரு மாதம் இருப்பார். தினமும் மாலை இருவரும் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை நடப்போம், திரும்பும் வழியில் காபி. பேச்சு எங்கெங்கோ போகும். ஒருநாள் டாம் செல்லெக் என்ற அமெரிக்க நடிகரிடம் போய் நின்றது. அவர் நடித்த 'புளூ பிளட்ஸ்' தொடர் 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது என்று வருத்தப்பட்ட அண்ணன், கூடவே இதையும் சொன்னார்.

"பாவம் தம்பி அந்த ஆளு. இண்டியானா ஜோன்ஸ் கைக்கு வந்து வழுக்கிடுச்சு. மாடலா இருந்து வந்தவன், மூஞ்சிய வச்சுப் பொழச்சான். கடைசி வரைக்கும் டி.வி.லயே கெடந்துட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. எழுபதைத் தாண்டியவனுக்குப் பதில் எப்போதும் இரவில்தான் வரும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த மீசைக்காரரை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் இதே அண்ணன்தான் லீவுக்கு வரும்போது பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பதிவு செய்த கேசட்டுகளைப் பெட்டியில் போட்டு எடுத்து வருவார். நாங்கள் டெக் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் பார்ப்போம். 'மேக்னம் பி.ஐ.' தொடர். பிரெஞ்சில் அதை 'மாக்னோம்' என்பார்கள். ஹவாய் தீவு, பனைமரங்கள், பூப்போட்ட சட்டை, மீசை, ஒரு ஃபெராரி கார். பிரான்சில் செக்காம் முறை, நம் ஊரில் பால் முறை. ஆகவே அந்தக் கேசட் நம் பெட்டியில் கறுப்பு வெள்ளையில்தான் ஓடும். அந்தக் கார் சிவப்பு என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தேன்.

இன்னொன்று. பிரெஞ்சில் மேக்னமுக்குக் குரல் கொடுத்தவர் பிரான்சிஸ் லாக்ஸ். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹாரிசன் ஃபோர்டுக்குப் பிரெஞ்சுக் குரலும் அவரேதான். இண்டியானா ஜோன்ஸ் வேடத்தை இழந்தவரும் அதைப் பெற்றவரும் எங்களுக்கு ஒரே தொண்டையில்தான் பேசினார்கள்! எனக்கு அது எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

சரி, அண்ணன் சொன்னதற்கு எனக்கு ஏன் கோபம் வந்தது? அந்தப் 'பாவம்' எனக்குப் பழக்கமான பாவம் என்பதால். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. நான் அப்போது சிஸியேம் வகுப்புப் பையன், என்னை யாரும் கேட்கவில்லை. அவர்கள் கப்பலேறினார்கள். நான் பிரெஞ்சிலேயே படித்து முடித்து, இங்கேயே எல்.டி.சி.யாகச் சேர்ந்து, பழைய நொத்தேர் பத்திரங்களைப் படித்துச் சொல்லும் ஆளாக முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தேன். அன்று முதல் இன்று வரை கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "ஒங்கப்பா அன்னிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா..." என்று ஆரம்பிப்பார். வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வி இருக்காது. விட்டதைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

ஆகவே மீசைக்காரருக்காக வக்காலத்து போடுகிறேன். பணிப்பதிவேட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

பிறப்பு 1945 ஜனவரி 29, டெட்ராய்ட். சிறு வயதில் குடும்பம் கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டது. கூடைப்பந்து விளையாடியதால் கல்விச் சலுகை பெற்றுத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நல்ல உயரம். உன் முகத்துக்கு விளம்பரத்தில் போகலாம் என்றார்கள், போனார். பெப்சி விளம்பரம், சேலம் சிகரெட்டுக்குச் சாலையோரப் பெரிய பலகைகள், பிறகு சாஸ் என்ற வாசனைத் திரவியம். ஒரு பெண் திரைக்குப் பின்னிருக்கும் மூன்று ஆண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் 'டேட்டிங் கேம்' நிகழ்ச்சிக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அந்தப் பெண்கள் வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்! மூஞ்சியை வைத்துப் பிழைத்தவர் கதை இப்படித்தான் தொடங்குகிறது. திரைக்குப் பின்னால் மூஞ்சி தெரியாதே என்று யாராவது சொல்லக்கூடும்.

ஒரு ஸ்டூடியோ பயிற்சி நடிகராக எடுத்தது, பிறகு கழற்றிவிட்டது. இடையில் தேசியக் காவல் படையில் சேவை. 1970இல் 'மைரா பிரெக்கின்ரிட்ஜ்' படத்தில் மே வெஸ்ட் அம்மையாருக்கு முன்னால் வந்து நிற்கும் ஒரு சின்ன வேடம். எழுபதுகளின் நடுவில் ஒரு பகல்நேரத் தொடரில் கொஞ்ச காலம். இதற்கிடையே புதுத் தொடர்களுக்கான வெள்ளோட்டப் படங்கள் ஆறு, ஒன்றுகூட விலை போகவில்லை. ஏழாவதுதான் 'மேக்னம்'. அது முதன்முதலாக ஒளிபரப்பானது 1980 டிசம்பர் 11. அன்று அவருக்கு வயது முப்பத்தைந்து. அழகான முகம் ஒன்றுதான் மூலதனம் என்றால் இருபத்தைந்திலேயே அல்லவா அது வட்டி கொடுத்திருக்க வேண்டும்?

அண்ணனின் முதல் குற்றச்சாட்டு, மாடல்காரனுக்கு நடிப்பு வராது என்பது. நம் ஊரிலும் இதைச் சொல்லாதவர்கள் இல்லை. ஜவுளிக்கடை விளம்பரத்தில் வந்தவர் சீரியலில் வந்தால், "பொம்மைக்குச் சட்டை மாட்டி நிறுத்தியிருக்கான்" என்போம். அப்படிப்பட்ட பொம்மைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1978இலும் 1979இலும் 'ராக்ஃபோர்டு ஃபைல்ஸ்' தொடரில் லான்ஸ் ஒயிட் என்ற துப்பறிவாளராக இவர் செய்ததைப் பாருங்கள். கதாநாயகன் ஜேம்ஸ் கார்னர் தெருத்தெருவாக அலைந்து அடிவாங்கித் துப்பறிவார். இந்த லான்ஸ் ஒயிட்டோ வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்து நிற்பார், எல்லாம் தானாக நடக்கும். துப்பு தேடி வரும், சாட்சி தேடி வரும். அழகானவனுக்கு உலகம் கதவைத் திறந்துவிடும் என்ற நினைப்பையே அந்தப் பாத்திரம் கிண்டல் செய்தது. கிண்டல் செய்யப்பட்டது இவருடைய சொந்த முகம். தன் முகத்தைத் தானே சிரிப்புக்கு உட்படுத்தத் தெரிந்தவனைப் பொம்மை என்பதா?

மேக்னம் விஷயத்திலும் அப்படியே. முதலில் எழுதப்பட்ட மேக்னம் ஒரு ஜேம்ஸ் பாண்ட் வகை ஆள். குறையே கிடையாது, இரு பக்கமும் பெண்கள். இது வேண்டாம், தோற்கிற ஆளாக, கடன் சொல்கிற ஆளாக மாற்றுங்கள் என்று கேட்டவர் செல்லெக். டொனால்ட் பெலிசாரியோ மாற்றி எழுதினார். ஆகவேதான் மேக்னம் அடுத்தவர் வீட்டில் தங்கி, அடுத்தவர் காரை ஓட்டி, அந்த வீட்டை மேற்பார்க்கும் ஹிக்கின்ஸிடம் தினம் ஒரு வசவு வாங்கும் ஆளாக ஆனார். (ஹிக்கின்ஸாக வந்த ஜான் ஹில்லர்மன் அசல் ஆங்கிலேயர் என்றே நாங்கள் நினைத்தோம். அவர் டெக்சாஸ்காரர்!) மேக்னமும் அவருடைய நண்பர்களும் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். அதுவரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வியட்நாம் சிப்பாய் என்றால் பெரும்பாலும் மூளை கலங்கிய வில்லன். இந்தத் தொடர்தான் அவர்களை நம் பக்கத்து வீட்டு ஆள்போலக் காட்டியது. 1982இல் வந்த ஓர் இரட்டைப் பகுதிக் கதையின் கடைசியில், தன் நண்பனைக் கொன்றவனை, கையில் ஆயுதம் இல்லாத நிலையில், மேக்னம் சுட்டுவிடுவார். வெடிச்சத்தத்தோடு படம் உறைந்துவிடும். கதாநாயகன் அப்படிச் செய்யலாமா என்று எங்கள் தெருவில் இரண்டு நாள் வாக்குவாதம். அதற்கு முந்தைய நிமிடம் அந்த முகத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1984இல் சிறந்த நடிகருக்கான எம்மி விருது அவருக்குக் கிடைத்தது.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் பெரிய குற்றச்சாட்டு: இண்டியானா ஜோன்ஸ். நடந்தது இது. ஸ்பீல்பெர்க்கும் லூக்காஸும் இவரைச் சோதனைப் படம் எடுத்துப் பார்த்து, வேடத்தைத் தரத் தயாராக இருந்தார்கள். ஆனால் 'மேக்னம்' தொடருக்காக சி.பி.எஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் விடவில்லை. வேடம் ஹாரிசன் ஃபோர்டுக்குப் போனது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 1980 ஜூலையில் நடிகர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, தொடரின் படப்பிடிப்பே தள்ளிப்போனது. இவர் காத்திருந்த காலத்தில் படத்தையே முடித்திருக்கலாம். போதாக்குறைக்கு, படத்தின் தொடக்கத்தில் தென்னமெரிக்கக் காடு என்று காட்டுகிறார்களே, அது எடுக்கப்பட்ட இடம் ஹவாயின் கவாய் தீவு!

இதைக் கேட்டால் யாருக்கும் 'ஐயோ' என்றுதான் வரும். எனக்கும் வரும். ஆனால் பாவப்பட இதில் என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டான், போட்ட இடத்தில் போய் வேலை பார்த்தான். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளவில்லை, சண்டை போட்டுக் காலைவாரவில்லை. எட்டு பருவம், 162 பகுதிகள். அந்த ஏழாம் பருவத்தின் கடைசியில் மேக்னமைச் சாகடித்தே விட்டார்கள், பிறகு இன்னொரு பருவத்துக்காக எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அவர் போட்ட ஹவாய் சட்டையும் டெட்ராய்ட் டைகர்ஸ் தொப்பியும் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. இதெல்லாம் இண்டியானா ஜோன்ஸுக்கு ஆறுதல் பரிசா? கையெழுத்தை மதித்தவனைப் பார்த்துப் பாவம் என்கிறோம். முறித்துக்கொண்டு ஓடியிருந்தால் சாமர்த்தியசாலி என்றிருப்போம். பத்திரங்களோடு முப்பத்தைந்து வருடம் இருந்தவன் சொல்கிறேன், இந்தப் புத்தி நம்மிடம் நிறைய இருக்கிறது.

சினிமாவிலும் அவர் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. கோலின் செரோ அம்மையார் 1985இல் பிரெஞ்சில் எடுத்த 'த்ருவா ஓம் எ அன் குஃபான்' படம் லிசேயில் படித்த நம்மவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்களிடம் ஒரு கைக்குழந்தை வந்து சேரும் கதை. அதை ஹாலிவுட்டில் 1987இல் திரும்ப எடுத்தபோது மூவரில் ஒருவர் செல்லெக். அந்த வருடம் அமெரிக்காவில் அதிக வசூல் செய்த படம் அதுதான். எனக்குப் பிரெஞ்சுப் படமே உசத்தி, அது வேறு. தோல்விகளும் உண்டு. 1992இல் கொலம்பஸ் பற்றிய படத்தில் ஸ்பெயின் மன்னராக வந்து, மோசமான துணை நடிகர் என்ற கேலி விருது வாங்கினார். 1998இல் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடர் பத்தே பகுதியில் நின்றது. 'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் மோனிக்காவின் வயதான காதலராக வந்ததை என் பேத்தி சொல்லித்தான் அறிந்தேன். பிறகு 2010இல் 'புளூ பிளட்ஸ்'. நியூயார்க் போலீஸ் கமிஷனர், ஞாயிற்றுக்கிழமை தோறும் மேஜையைச் சுற்றிக் குடும்பத்தோடு சாப்பாடு. பதினான்கு பருவம், 293 பகுதிகள். நமக்கெல்லாம் அறுபதில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். இவர் அறுபத்தைந்தில் வேலைக்குச் சேர்ந்து எழுபத்தொன்பதில் முடித்தார்.

இதுவரை வக்காலத்து. இனி நானே ஒரு வழக்குப் போடுகிறேன். அண்ணனுக்கு இது தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

2016இலிருந்து செல்லெக் மறுபடியும் விளம்பரத்துக்கு வந்தார். இந்த முறை பெப்சியும் இல்லை, வாசனைத் திரவியமும் இல்லை. வயதானவர்கள் தங்கள் சொந்த வீட்டின் மேல் வாங்கும் கடன். நம் ஊரிலும் 2007இலிருந்து தலைகீழ் அடமானம் என்று இருக்கிறதே, அதன் அமெரிக்க வடிவம். அங்கே 62 வயது நிரம்பியவர்களுக்கு. மாதத் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டுவரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் உங்கள் தலையில். அதில் தவறினால் வீடு கையை விட்டுப் போகலாம். செத்தாலோ வீட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்பினாலோ கடன் முழுவதும் நிலுவைக்கு வரும். சிலருக்கு இது உண்மையில் உதவியிருக்கிறது, மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம் இது. மீசைக்காரரோ கமிஷனர் முகத்தோடு, கமிஷனர் குரலோடு, நானும் சந்தேகப்பட்டேன், விசாரித்துப் பார்த்தேன், வங்கி உங்கள் வீட்டைப் பிடுங்கும் தந்திரம் அல்ல இது என்ற பொருளில் பேசுகிறார்.

இதில் இவர் முதல் ஆளும் இல்லை. 'ஹார்ட் டு ஹார்ட்' தொடரின் ராபர்ட் வாக்னர், 'ஹேப்பி டேஸ்' தொடரின் ஹென்றி விங்க்ளர், 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் அரசு வழக்கறிஞராக வந்த பிரெட் தாம்சன், எல்லோரும் இதே வகைக் கடனுக்கு விளம்பரம் செய்தவர்கள். கவனியுங்கள், எல்லோரும் தொலைக்காட்சிக்காரர்கள். சினிமா நடிகர் தூரத்துத் தெய்வம். தொலைக்காட்சி நடிகர் வாரம் தவறாமல் நம் கூடத்துக்கே வந்து உட்கார்ந்த சொந்தக்காரர். வயதானவர்களுக்கு எந்த முகத்தைப் பார்த்தால் கதவைத் திறக்கத் தோன்றும் என்று கடன்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. 2021இல், வீட்டு மதிப்பை ஊதிக் காட்டிக் கடிதங்கள் அனுப்பியதற்காக இவருடைய அந்தக் கடன் நிறுவனத்துக்கு அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 11 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்தக் கடிதங்களுக்கு நடிகர் பொறுப்பல்ல, உண்மைதான். முகம் அவருடையதுதானே!

இளம் வயதில் சிகரெட் பலகையில் நின்றதை நான் குற்றமாக எடுக்க மாட்டேன். வாடகை கட்ட வேண்டும், வாய்ப்பு இல்லை, நின்றான். எழுபத்தோரு வயதில், வாரத் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அறுபது ஏக்கர் அவகாடோ தோட்டம் இருக்கும்போது, தன்னை ஒத்த வயதுக்காரர்களின் வீட்டுப் பத்திரத்துக்கு முன்னால் போய் நிற்க என்ன அவசியம் என்றுதான் கேட்கிறேன். நாற்பது வருடம் ஒழுங்காக வேலை செய்து சேர்த்த நம்பிக்கை அது. சி.பி.எஸ். ஒப்பந்தத்தை மதித்த அதே மனிதர்!

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

என் தங்கை கணவரை இழந்தபோது நான்கு லட்ச ரூபாய் வந்தது. வங்கியில் போடலாம் என்றேன். அப்போது ஒரு நிதி நிறுவனம் கூடுதல் வட்டி தருவதாகத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பேசியவர் ஒரு சீரியல் நடிகர். அவரும் ஜவுளிக்கடை விளம்பரத்தில் சட்டை போட்டுக் காட்டி வந்தவர்தான். தொடரில் அம்மாவைத் தாங்கும் நல்ல பிள்ளை. "அவரே சொல்றாருண்ணா" என்றாள் தங்கை. எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம்தான் இருந்தது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான். வாரிசுதாரர் பெயர், சாட்சிக் கையெழுத்து எல்லாம் என் கையெழுத்தில், கோணல் இல்லாமல். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. அடுத்தவர் பத்திரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன், தங்கையின் பத்திரத்தைப் படிக்கவில்லை. இரண்டு வருடம் வட்டி வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. புகார் கொடுத்தோம், நகல் வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் அண்ணன் ஊருக்குக் கிளம்பும் முன்தினம் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தக் காசுக்கு நீ ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?" என்றார். அதற்கு மேல் செல்லெக்கைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

தங்கை இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். அந்த நடிகர் வேறொரு தொடரில் இன்னமும் வருகிறார், தலைக்கு மை போட்டுக்கொண்டு. எட்டு மணிக்குச் சரியாக உட்கார்ந்துவிடுவாள். நேற்று இந்தக் கட்டுரைக்காக ஏதோ தேடிக்கொண்டு கூடத்துக்குப் போனேன், திரையில் அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவனையா இன்னும் பாக்குற?" என்று கேட்டுவிட்டேன்.

"அவரு என்னாண்ணா பண்ணுவாரு பாவம், எழுதிக் குடுத்ததச் சொன்னாரு" என்றாள். "செத்த அந்தாண்ட நகரு, மறைக்குது."